கரும்புச் சக்கையும் கணக்கு நோட்டும்

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் மதுரைக் கடைவீதிக்குள் நுழைந்திருக்கிறீர்களா? சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு அடுத்தபடியாக அந்த ஊர் மூச்சுத் திணறுவது நோட்டுப் புத்தகம் வாங்கும் அந்த ஒரு வாரத்தில்தான். அக்கா பேத்தியை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். கையில் ஒரு பட்டியல். நாற்பது பக்க நோட்டு, எண்பது பக்க நோட்டு, கோடு போட்டது, போடாதது, கட்டம் போட்டது என்று ஒரு மளிகைச் சிட்டை நீளத்துக்கு இருந்தது. எல்லாம் வாங்கி முடித்துப் பையைத் தூக்கும்போது, "தாத்தா, பச்சைக் கலர்ல ஒரு சார்ட் பேப்பர் வேணும்" என்றாள்.

"எதுக்குடா?"

"ஸ்கூல்ல போட்டி. 'காகிதத்தைச் சேமிப்போம், மரங்களைக் காப்போம்'னு படம் வரையணும். எல்லாரும் கண்டிப்பா கொண்டுவரணுமாம்."

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாற்பது சார்ட் பேப்பர். காகிதத்தைச் சேமிப்பதற்காக.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "இந்த நோட்டுப் பேப்பர் எதுல செஞ்சது தெரியுமா?" என்று கேட்டேன். "மரத்துல" என்றாள் பட்டென்று. "கரும்புலயும் செய்வாங்க. ஜூஸ் பிழிஞ்ச பிறகு தூக்கிப் போடறாங்கல்ல, அந்தச் சக்கையில" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். தாத்தா கதை விடுகிறார் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு வரும் மின்னஞ்சலின் அடியில் ஒரு குட்டி மரம் போட்டு, 'அச்சிடும் முன் மரத்தை நினையுங்கள்' என்று எழுதியிருப்பார்கள். காகிதம் என்றால் மரம் என்றுதான் நமக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. ஆனால் நம் நாட்டில் தயாராகும் காகிதத்தில் சுமார் 70 சதவீதம் பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்வது. மரத்திலிருந்து வருவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மிச்சம் கரும்புச் சக்கை, வைக்கோல் போன்ற வயல் கழிவுகள். ஆக, நாம் காகிதத்தைக் கசக்கி எறியும்போது நினைக்க வேண்டியது மரத்தை மட்டும் அல்ல. வேறு சிலரையும் நினைக்க வேண்டும். அவர்கள் யாருடைய மின்னஞ்சலின் அடியிலும் இல்லை.

*

மரத்தின் கதையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் காகித ஆலைகள் வளர்ந்தது காட்டை வைத்துத்தான். 1950-களின் கடைசியில் கர்நாடகத்தில் தாண்டேலி ஆலைக்கு அரசாங்கம் மூங்கிலை டன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தது. கேரளத்தில் மாவூர் ஆலைக்கு டன் ஒரு ரூபாய். கிலோ இல்லை சார், டன். அதே மூங்கிலைக் கூடை முடைகிறவர் சந்தையில் வாங்கினால் பல நூறு மடங்கு விலை. காடு இப்படி அடிமாட்டு விலைக்குப் போனால் என்ன ஆகும்? காலியாகும். ஆனது. 1988-ல் வந்த தேசிய வனக் கொள்கை, 'ஆலைகளுக்குச் சலுகை விலையில் காட்டு மரம் கொடுப்பதை நிறுத்துங்கள், வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று சொன்னது. கும்பகர்ணன் எழுந்தது மாதிரி முப்பது வருஷம் தாமதம். எழுந்ததே பெரிய விஷயம்.

தமிழ்நாடு அதற்கு முன்பே வேறு வழியில் யோசித்திருந்தது. அது நாம் நியாயமாகப் பெருமைப்படக்கூடிய ஒன்று. 1979-ல் மாநில அரசு டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை ஆரம்பித்தது. கரூருக்குப் பக்கத்தில் புகழூர். உலக வங்கியின் கடன். ஆலையைச் சுற்றி உருவான குடியிருப்புக்குப் பெயரே காகிதபுரம். 1980-களின் நடுவில் அங்கே கரும்புச் சக்கையில் செய்தித்தாள் காகிதம் ஓட ஆரம்பித்தது. சக்கையில் நியூஸ்பிரிண்ட்டா என்று மற்ற நாட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் ஒரு சாமர்த்தியமான பண்டமாற்று இருந்தது. பத்து டன் கரும்பு ஆட்டினால் மூன்று டன் ஈரச் சக்கை வரும். சர்க்கரை ஆலைக்காரர் அந்தச் சக்கையைத் தன் பாய்லரில் போட்டு எரித்து, அந்த நீராவியில்தான் ஆலையையே ஓட்டுவார். அவரிடம் போய்ச் 'சக்கையைக் கொடு' என்றால் கொடுப்பாரா? அதனால் காகித ஆலை அவருக்கு நிலக்கரி பாய்லர் வைத்துக் கொடுத்தது. 'நீ கரியை எரி, சக்கையை எனக்குக் கொடு' என்பது ஏற்பாடு. சக்கையில் பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றைப் பிரித்தெடுத்துவிட்டு, நார்ப்பகுதியை மலை மாதிரி குவித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்பார்கள். கரும்பு அரவை வருஷத்தில் சில மாதம்தான். காகித ஆலைக்கோ பன்னிரண்டு மாதமும் பசி. அந்த மூன்று டன் சக்கையில் கடைசியாகத் தேறுவது அரை டன் கூழ். அப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவுக்குச் சக்கை வாங்கும் ஆலையாக அது வளர்ந்தது.

'மரத்தைக் காப்பாற்றக் கரியை எரித்தார்களா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், எரித்தார்கள். விளம்பரத்தில் சக்கையின் படம் இருக்கும். கரியின் படம் இருக்காது. தண்ணீரின் படமும் இருக்காது. ஒரு டன் காகிதம் செய்ய, பழைய ஆலைகள் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர்கூடக் குடித்திருக்கின்றன. நன்றாக நடக்கும் ஆலைகள் இன்று அதைக் கால்வாசிக்குக் குறைத்துவிட்டன. கால்வாசி என்றாலும் அது காவிரித் தண்ணீர்.

ஆனாலும் சொல்கிறேன். குப்பையாகப் போவது நோட்டாக வருகிறது என்றால் அது நல்ல காரியம். ஆலை என்றாலே பிசாசு என்று எழுதிவிட்டுப் போவது எனக்கும் சுலபம்தான். ஆனால் அதை எழுதவும் காகிதம் வேண்டும். காமராஜர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த காலத்தில்தான் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலையும் 1962-ல் உற்பத்தி தொடங்கியது. எழுபதுகளில் காகிதப் பஞ்சம் வந்தபோது, கூட்டுறவுக் கடையில் கட்டுப்பாட்டு விலை நோட்டுக்கு வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். அந்த நோட்டில் பேனாவால் எழுதினால் மறுபக்கம் தெரியும். ரேஷன் அரிசி மாதிரி அதற்கென்று ஒரு நிறம். அதிலேயே முன்பக்கம் பென்சிலில் எழுதி, பிறகு அதன் மேலேயே பேனாவில் எழுதிய பிள்ளைகள் உண்டு. இந்தியாவில் ஒருவர் வருஷத்துக்குப் பயன்படுத்தும் காகிதம் இன்றைக்கும் சுமார் 15 கிலோ. உலகச் சராசரி 50 கிலோவுக்கு மேல். நமக்குக் 'காகிதத்தைக் குறை' என்று பாடம் எடுக்க வெளிநாட்டுக்காரருக்கு அருகதை இல்லை. வளர்கிற நாட்டுக்குக் காகிதம் வேண்டும். எதிலிருந்து, யார் செலவில் என்பதுதான் கேள்வி.

*

இந்த இடத்தில் அலங்காநல்லூருக்கு வாருங்கள். மதுரையிலிருந்து அரை மணி நேரம். பொங்கல் சமயத்தில் உலகத்துத் தொலைக்காட்சி எல்லாம் அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 2024 ஜனவரியில் பக்கத்தில் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே பெரிய அரங்கமும் திறந்தார்கள். காளைக்குப் பெருமை. வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதே அலங்காநல்லூரில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. தேசியக் கூட்டுறவு சர்க்கரை ஆலை. பெரியாறு பாசனத்தில் விளைந்த கரும்பு மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வரிசை கட்டி நிற்கும். மார்கழி, தை மாதத்தில் அந்த ரோட்டில் போனால் பாகு வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். 2019-20 பருவத்தோடு அங்கே அரவை நின்றுபோனது. கரும்பு வரத்து இல்லை என்றார்கள். ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகளும் தொழிலாளர்களும் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். எந்தக் கேமராவும் அவ்வளவாக அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஓடுகிற காளைக்குத்தான் கேமரா. நின்றுபோன ஆலையில் படம் பிடிக்க என்ன இருக்கிறது?

கரும்பு ஏன் வரவில்லை? 'மழை இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மைதான். வைகை வறண்டதும் உண்மைதான். ஆனால் மழை திரும்பி வந்த பிறகும் கரும்பு ஏன் திரும்பவில்லை? மாநில அரசு அப்போது பரிந்துரை விலை அறிவித்துவந்தது. மத்திய அரசு ஒரு விலை அறிவிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியார் ஆலைகள் பல வருஷம் பாக்கி வைத்தன. பத்து மாதம், பன்னிரண்டு மாதம் தண்ணீர் கட்டி வளர்த்து, வெட்டுக்கூலி கொடுத்து, வண்டி வாடகை கொடுத்து, கடைசியில் பணத்துக்கு மனு எழுதி அலைய வேண்டும் என்றால் எந்தச் சம்சாரி கரும்பு போடுவான்? தமிழ்நாட்டில் 2011-12-ல் 23 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை உற்பத்தியானது. 2017-18-ல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"கரும்பு போட்டு நான் கண்டது கடன்தேன். அதுக்குத் தென்னையை வச்சுட்டுத் திண்ணையில உக்காந்துக்கலாம்" என்றார் வாடிப்பட்டிப் பக்கத்தில் ஒரு பெரியவர். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

கரும்பு இல்லை என்றால் சர்க்கரை மட்டும் இல்லாமல் போகவில்லை. சக்கையும் இல்லை. ஓடுகிற ஆலைகளிலும் வேறு ஒரு போட்டி வந்துவிட்டது. சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து அரசுக்கு விற்கலாம் என்றவுடன், சர்க்கரை ஆலைகள் இணை மின் உற்பத்திக்கு மாறின. 'பசுமை மின்சாரம்' என்று அதற்கும் ஒரு நல்ல பெயர். ஒரே சக்கை, இரண்டு பசுமை. காகிதக்காரர் கேட்டால் காட்டைக் காப்பாற்றும் சக்கை. மின்சாரக்காரர் கேட்டால் கரியைக் குறைக்கும் சக்கை. இரண்டுக்கும் வேண்டிய கரும்பை விளைவித்தவருக்கு மட்டும் பணம் பாக்கி.

*

சக்கை குறைந்ததும் சக்கை ஆலை என்ன செய்தது? மரத்துக்குத் திரும்பியது. இதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. 2004-05 முதலே விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுச் சவுக்கு, தைல மரம் வளர்க்கும் திட்டத்தை டி.என்.பி.எல். நடத்திவருகிறது. மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் 2016-ல் இரண்டாவது ஆலை வந்தது. அங்கே செய்வது பேக்கிங் அட்டை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் திறன். அதற்கென்று மரக்கூழ் ஆலையும் பின்னால் சேர்ந்தது. பெயரில் இருக்கும் 'செய்தித்தாள்' இன்று அதன் முக்கியச் சரக்கு இல்லை. சக்கையில் பத்திரிகை அச்சடிக்கப் பிறந்த நிறுவனம், சவுக்கில் அட்டைப் பெட்டி செய்கிற காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விவசாயி நிலத்தில் மரம் வளர்ப்பது காட்டை வெட்டுவது மாதிரி ஆகாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வானம் பார்த்த பூமியில், ஆள் கிடைக்காத ஊரில், நாலு வருஷத்தில் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருகிறது என்றால் சவுக்கு ஒரு வழிதான். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் நிலத்தை வைத்துக்கொண்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவருக்கு அது ரொம்பவே தோதான பயிர். நட்டுவிட்டுப் போனால் வெட்டும்போது வந்தால் போதும்.

தோதாக இல்லாதது யாருக்கு? களை எடுக்கிற பெண்ணுக்கு. நெல்லோ, பருத்தியோ, கடலையோ போட்டால் அந்த நிலம் வருஷத்தில் இத்தனை நாள் கூலி கொடுக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. சவுக்கு நின்றால் முதல் வருஷம் கொஞ்சம் வேலை, அப்புறம் வெட்டுகிற நாள் வரைக்கும் வேலை இல்லை. வெட்டுவதற்கும் வெளியூர் ஆள் மெஷினோடு வருவார். மரம் நடும் திட்டங்களின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஏக்கர், எத்தனை கன்று, எத்தனை டன் என்று எல்லாம் இருக்கும். எத்தனை நாள் கூலி போச்சு என்கிற பத்தி மட்டும் இருக்காது.

இன்னொன்று தண்ணீர். புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையில் வனத் தோட்டக் கழகம் பல்லாயிரம் ஏக்கரில் தைல மரம் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்கள் ஆர்.எஸ்.பதி மரம் என்பார்கள். மழைத் தண்ணீரைத் தோட்டத்துக்குள்ளேயே வரப்பு வைத்துத் தேக்கிவிடுகிறார்கள், எங்கள் கண்மாய்க்கு வரத்து இல்லை என்று ஊர்க்காரர்கள் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்கு வந்திருக்கிறது. தைல மரம் தண்ணீரை உறிஞ்சுமா, உறிஞ்சாதா என்று நிபுணர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள். பேசட்டும். கண்மாய்க்கு வரும் ஓடையை மறித்தால் தண்ணீர் வராது என்பதற்கு நிபுணர் எதற்கு?

*

மதுரைக்குத் தெற்கே தே.கல்லுப்பட்டி என்று ஒரு ஊர். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசி வருஷங்களைக் கழித்தார் ஜே.சி.குமரப்பா. லண்டனில் தணிக்கையாளர் படிப்பு, அமெரிக்காவில் பொருளாதாரம், பம்பாயில் சொந்தத் தொழில் என்று இருந்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காந்தி 1934-ல் ஆரம்பித்த கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்தார். அந்த இயக்கத்தின் வெளியீடுகளைக் கையால் செய்த காகிதத்தில் அச்சடித்தார்கள். பழைய துணி, கந்தல், நார் இவற்றை இடித்துச் செய்த காகிதம். மரமும் வேண்டாம், கரியும் வேண்டாம்.

குமரப்பா பெயரைச் சொல்லிவிட்டு, 'அந்தக் காலத்துக்கே திரும்பிவிட வேண்டும்' என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள். கைக்காகிதத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நோட்டுப் போட முடியாது. போட்டால் எட்டாத விலையாகும். இன்றைக்குக் கைக்காகிதம் எங்கே இருக்கிறது? பணக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில், உள்ளே ஒரு சாமந்தி இதழைப் பதித்து வைத்துக்கொண்டு இருக்கிறது. ஏழைக்காக யோசித்த சாமான் பணக்காரர் வீட்டு அலங்காரமாவது நம் ஊரில் புதுசா என்ன?

ஆனால் குமரப்பாவிடம் நான் எடுத்துக்கொள்வது ஒரு கணக்குப் பிள்ளையின் பார்வை. அவர் படித்த படிப்பே கணக்குப் பார்க்கும் படிப்புதான். எந்தத் தொழிலைப் பார்த்தாலும் லாபத்தை விட்டுவிட்டு, வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் பார்ப்பார். அந்தக் கண்ணால் நம் காகிதத்தைப் பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. அது கரும்பிலும் இல்லை, சவுக்கிலும் இல்லை. நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

*

நாட்டின் காகிதத்தில் 70 சதவீதம் பழைய காகிதத்திலிருந்து என்றேனே, அந்தப் பழைய காகிதம் முழுக்க நம்முடையது என்று நினைத்தீர்களா? கப்பல் கப்பலாக அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது. தூத்துக்குடியில் இறங்கி, கோவைக்கும் உடுமலைக்கும் ஈரோட்டுக்கும் லாரியில் போகிறது. 2018-ல் சீனா வெளிநாட்டுக் குப்பைக் காகிதத்துக்குக் கதவைச் சாத்த ஆரம்பித்த பிறகு, சந்தையில் நமக்கு இன்னும் தாராளமாகக் கிடைத்தது. பழைய காகிதம் என்று சீட்டு ஒட்டிய கன்டெய்னரைத் திறந்தால் ஊர்க் குப்பை இருந்த சம்பவங்கள் தூத்துக்குடியில் செய்தியாகியிருக்கின்றன. அவன் சாப்பிட்டுப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவை நாம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

ஆலைக்காரர்களைக் கேட்டால் ஒரு காரணம் சொல்வார்கள். நம் ஊர்க் காகிதம் சுத்தமாகக் கிடைப்பதில்லை என்று. பொய் இல்லை. ரசமும் சாம்பாரும் சொட்டுகிற பாலிதீனோடு சேர்த்துக் காகிதத்தையும் ஒரே பக்கெட்டில் கொட்டுகிறோம். மதுரைக் குப்பை வெள்ளக்கல் கிடங்குக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தக் காகிதம் கூழாகிவிடும். ஆலைக்கு வேண்டிய கூழ் வேறு, இந்தக் கூழ் வேறு. இரண்டு பக்கெட் வைக்கச் சொல்லி மாநகராட்சியும் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டது. நாம் இரண்டு பக்கெட்டையும் வாங்கி, ஒன்றில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறோம்.

வரி போடுகிறவர்களும் இதே அழகுதான். 2025 செப்டம்பரில் நோட்டுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று அறிவித்தார்கள். நோட்டு செய்யும் காகிதத்துக்கும் வரி இல்லை. நல்லது, கை தட்டினோம். கூடவே, அச்சுக்குப் போகும் மற்றக் காகிதத்துக்கு 12-லிருந்து 18 சதவீதம் ஆக்கினார்கள். பிள்ளை எழுதுகிற காகிதத்துக்கு வரி இல்லை, படிக்கிற புத்தகத்தின் காகிதத்துக்கு 18 சதவீதம். புத்தகத்துக்கு வரி இல்லை என்பதால் பதிப்பாளர் தான் கட்டிய இந்த வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது. புத்தக விலையில்தான் அது ஏறி உட்கார வேண்டும். எழுது, படிக்காதே என்கிறார்களோ என்னவோ. சிவகாசி அச்சகக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிக்க மாட்டார்.

இந்த எல்லாக் கணக்குக்கும் நடுவில், ஒரு பைசா மானியம் இல்லாமல், எந்த வனக் கொள்கையும் தெரியாமல், இந்த நாட்டின் மரங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவுக்கும் வருவார். 'பழைய பேப்பரேய்ய்ய்' என்று.

எங்கள் தெருவுக்கு வருகிறவர் இருபது வருஷமாகத் தள்ளுவண்டிதான். போன மாதம் வந்தபோது பேப்பர்க் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ரெண்டு மாசத்துக்கு இம்புட்டுத்தானா?" என்றார்.

"ரெண்டு பேப்பர் வாங்கினேன். இப்ப ஒண்ணுதான்."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தேன். போன்லயே படிச்சுக்கிறாக. இப்ப நம்ம பொழப்பு அட்டைப் பெட்டிதான். ஆன்லைன்ல வாங்குறாகல்ல."

"அது நல்ல வெலைக்குப் போகுதா?"

"பேப்பர் வெலைக்கு வராதுண்ணே. வெளிநாட்டுச் சரக்கு நிறைய வந்து எறங்குச்சுன்னா கடையில நமக்கு வெலையைக் கொறைச்சுடுவாக. ஏன்னு கேட்டா, கப்பல் வந்திருக்குங்கிறாக. கப்பலுக்கும் என் தராசுக்கும் என்ன பகை, சொல்லுங்க."

காகிதப் பொருளாதாரம் பற்றி நான் படித்த எதையும்விட அது தெளிவாக இருந்தது. டன் ஒன்றரை ரூபாய் மூங்கிலால் ஒரு காலத்தில் கூடை முடைந்தவர் போனார். பாக்கிப் பணத்தால் கரும்புக்காரர் போனார். இப்போது இவருடைய முறை. மலிவான சரக்கு எங்கிருந்தாவது கிடைக்கிறவரைக்கும் பக்கத்தில் இருப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இறக்குமதிக் கழிவுக்குக் கட்டுப்பாடு வைக்கச் சொல்லி ஒரு குரல் எழுந்தால், 'ஆலை மூடிவிடும்' என்பார்கள். ஆலையும் வேண்டும், சரி. உள்ளூர்க் காகிதத்துக்குக் குறைந்தபட்சம் இன்ன விலை என்று ஒன்றை வைத்து, அதைப் பிரித்துச் சேகரிப்பவருக்கு மாநகராட்சி ஒரு இடமும் கூரையும் கொடுத்தால் எந்த ஆலை மூடும்? மழையில் நனைந்தால் அவர் சரக்கு போச்சு. கூரை ஒன்றும் பெரிய திட்டம் இல்லை. அதற்கு உலக வங்கிக்குப் போக வேண்டியதும் இல்லை.

எடை போட்டு முடிக்கும்போது அக்கா பேத்தி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கையில் அந்தப் பச்சைச் சார்ட். போட்டி முடிந்து வீட்டுக்கு வந்திருந்தது. இரண்டாம் பரிசாம். பெரிய மரம், அதற்குக் கீழே 'காகிதத்தைச் சேமிப்போம்'. இலைக்கு இலை ஜிகினா, ஓரத்தில் பளபளவென்று ஜரிகைப் பட்டை, மேலே கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது.

"இதையும் எடைக்குப் போட்டுக்கோங்க மாமா" என்று பெரிய மனுஷி மாதிரி நீட்டினாள்.

அவர் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்க பாப்பா" என்றார். பிறகு அதை மடிக்காமல், பதமாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது எடைக்கு ஆகாதும்மா. ஜிகினா ஒட்டியிருக்கு, பிளாஸ்டிக்கு ஒட்டியிருக்கு. கடையில எடுக்க மாட்டாக."

"அப்ப இது எங்க போகும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வெள்ளக்கல் என்று சொல்லவில்லை. "செவுத்துல மாட்டிக்குவோம்" என்றேன்.